தடைகள் அனைத்தும் நீக்கப்படும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் தப்பாக எழுதி, என் மனைவியை மூன்றாவது மாடியில் அடைத்து வைத்திருக்கிறார். வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தவில்லை. அதுதான் என் குற்றச்சாட்டு.

அந்த வார்த்தை அப்ஸ்ட்ரக்‌ஷன்.

எனக்கு அது புது வார்த்தை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். அங்கே தரையில் இரண்டு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். நடுவில் இருப்பது நடக்கிற வழி. அதில் யாராவது பெட்டியோ டிராலியோ வைத்துவிட்டால் சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கத்துவார். "யோவ், அப்ஸ்டக்சன்! எவன்யா வச்சது?" பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. போகிறவன் காலில் இடித்தால் அது அப்ஸ்டக்சன். அவ்வளவுதான். ஒரு தடவை அட்டைப்பெட்டி அடுக்கில் தீப்பிடித்தது. வழியில் நின்ற டிராலியைத் தள்ளிவிட்டுத்தான் நாங்கள் வெளியே ஓடினோம். அதனால் வழியை மறிக்கக் கூடாது என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

அடுத்து அந்த வார்த்தையைக் கேட்டது ஆஸ்பத்திரியில். என் மனைவியும் எஸ்டேட்டில்தான் வேலை செய்தாள். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறை. சக்கரம் சுற்றுகிற வேகத்தில் தூசி முகத்தில் அடிக்கும். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். வருஷக்கணக்கில் அப்படி. முதலில் இருமல், அப்புறம் இளைப்பு, அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். கம்ப்யூட்டரில் வந்த கோட்டைக் காட்டி, "அப்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கும்மா. காத்து உள்ள போயிடுது, வெளிய வரத்தான் கஷ்டப்படுது" என்றார்.

அவள் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவள். டாக்டர் முன்னால் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்பது அவளுக்குக் கிடையாது.

"அட்ச்சிகினு கீதுன்னு சொல்லு சார். அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, அடைச்சுக்கிட்டுதான் இருக்கு."

அடைத்ததைத் திறக்க மருந்து இல்லை, மேலும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் மருந்து என்று அவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நடப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்குகிறதே என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் காலில் வலு போய்விடும், கால் வலு போனால் இன்னும் மூச்சு வாங்கும், அப்புறம் படுக்கைதான். மாடி ஏறும்போது நடுவில் உட்கார வேண்டும். உதட்டைக் குவித்து, விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி மெதுவாகக் காற்றை விட வேண்டும். மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு மீதியை ஏற வேண்டும்.

நாங்கள் இருப்பது கள்ளிக்குப்பத்தில். இரண்டு பிளாக். ஏ பிளாக்குக்கு லிஃப்ட் உண்டு, எங்கள் பி பிளாக்குக்குக் கிடையாது. வாங்கும்போது அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தது. மூன்றாவது மாடியில் காற்று வரும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

தினமும் சாயங்காலம் அவள் கீழே இறங்கி மெயின் ரோட்டு முனைக்குப் போவாள். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து அங்கேதான் இறங்குவார்கள். பழைய பட்டறைக்காரிகள். அவர்களுக்கு வீடு ஒரு மூலை, வேலை ஒரு மூலை. வழியில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடையது. கீரை வாங்கிக்கொண்டு, முதலாளியைத் திட்டிக்கொண்டு, எவள் மருமகள் என்ன சொன்னாள் என்று பேசிக்கொண்டு நிற்பார்கள். என் மனைவி நடுவில் நிற்பாள். பேசினால் மூச்சு வாங்குமே என்று நான் சொன்னால், "நா எங்கய்யா பேசறேன்? நா கேக்கறேன்" என்பாள். பொய். அவள் குரல்தான் எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்கும்.

திரும்பி ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜன்னலுக்குக் கீழே, படியிலேயே உட்காருவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதுவாள். அப்புறம் ஏறி வருவாள். இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சில பிள்ளைகள் படியில் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் போனில் பேசுகிறார்கள் என்று யாரோ புகார் சொல்ல, சங்கம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பலகை மாட்டியது. 'படிகளில் அமரத் தடை.' என் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பேப்பரை வரி விடாமல் படிப்பவள். பலகையைப் பார்த்த அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"உனக்கில்ல அது. உக்காரு" என்றேன்.

"எனுக்கு இல்லன்னு போட்டுக்கீதா? எவனாவது வந்து ஏந்திரும்மான்னு சொன்னா யாருக்குய்யா கேவலம்?"

நின்றுகொண்டே வாங்குகிற மூச்சு பாதி மூச்சுதான். மேலே வந்ததும் பேசாமல் கட்டிலில் சாய்ந்து கிடப்பாள். நான் செயலாளரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்பாள்.

அப்புறம்தான் அந்த நோட்டீஸ் வந்தது. தீயணைப்பு வசதியைச் சோதிக்க ஆள் வரப்போகிறார்கள் என்று சங்கம் பரபரத்துக்கொண்டிருந்த நேரம். கேட்டிலும் படிக்கட்டு முகப்பிலும் ஒட்டியிருந்தார்கள். மேலே இங்கிலீஷில் எல்லா அப்ஸ்ட்ரக்‌ஷனும் ரிமூவ் செய்யப்படும் என்று இருந்தது. கீழே தமிழில் இப்படி இருந்தது: 'பொது வழிகளில் உள்ள தடைகள் அனைத்தும் வரும் ஞாயிறு முதல் நீக்கப்படும்.'

இந்த வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு, தலைக்கு மேலே 'அமரத் தடை' என்று பலகை தொங்குகிற இடத்தில், இதற்கு என்ன அர்த்தம்? தடை என்றால் கூடாது என்று சொல்வது. தடை நீக்கம் என்றால் இனிமேல் கூடும் என்பது. மழைக்காலத்தில் ஏரியில் குளிக்கத் தடை, பிறகு தடை நீக்கம். பேப்பரில் தினம் வருகிற வார்த்தை.

அவள் மூச்சு வாங்க மேலே வந்து, கட்டிலில் சாயாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"யோவ், பாத்தியா? புத்தி வந்துச்சி அவங்களுக்கு. தடைய எட்த்துட்டாங்க."

"எந்தத் தடைய?"

"எல்லாத்தையும்யா. போட்டுக்கீது. நாயித்துக்கெழமலேந்து."

நான் நோட்டீஸைப் படிக்கவில்லை. நல்லது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, நானே தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜன்னலுக்குக் கீழே போட்டேன். படியில் உட்கார்ந்து எழுவதைவிட நாற்காலி அவள் முழங்காலுக்கும் நல்லது. அவள் உட்கார்ந்து பார்த்தாள். ஒருவர் ஏறி, ஒருவர் இறங்க, இடம் தாராளமாக இருந்தது. "ராணியாட்டம் கீறேன்" என்றாள்.

அன்று மதியமே சங்கம் ஆள் வைத்து வழியிலிருந்த எல்லாவற்றையும் அள்ளியது. சைக்கிள், செருப்பு ஸ்டாண்ட், பூந்தொட்டி, உடைந்த கட்டில். அந்த ஞாயிறு எதற்கு என்று எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் இங்கிலீஷைப் படித்திருந்தார்கள். ஹவுஸ்கீப்பிங் ஆள் நாற்காலியைத் தூக்கும்போது என் மனைவி பார்த்துவிட்டாள்.

"நைனா, அத்த எங்க எட்த்துகினு போற? எங்க ஊட்டு சேரு அது."

"தெரியும் யக்கா. தட எல்லாத்தையும் எட்க்க சொன்னாங்கோ."

"தடைய எட்த்தாச்சின்னுதானே சேரே போட்டேன்?"

"இன்னா யக்கா நீ? சேருதான் தட."

அந்த ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்தான்.

நான் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் என் பின்னாலேயே முதல் மாடிக்கு இறங்கி வந்துவிட்டாள். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஐ.டி. கம்பெனி. மரியாதையாகத்தான் பேசுவார். மரியாதையாகப் பேசியே ஆளை வெளியே நிறுத்துவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். ஆடிட் வருதுங்க. ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே."

"தடைய நீக்கிட்டேன்னு நீதானப்பா எழுதுன?" என்றாள் என் மனைவி.

"ஆன்ட்டி, அங்க தடைன்னா அப்ஸ்ட்ரக்‌ஷனுங்க. வழியில இருக்கற சாமான்."

"அப்ஸ்டக்சன் எனுக்கு நெஞ்சுல கீது தம்பி. டாக்டரே சொல்லிட்டாரு. முடிஞ்சா அத்த எட்த்துகினு போ. சேர வுட்டுடு."

அவர் சிரிக்கவில்லை. சங்கடமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தத் தமிழ் நான் எழுதலைங்க. போன்ல போட்டேன், அதுவே குடுத்துச்சு" என்றார். "கமிட்டியில பேசிப் பாக்கறேனுங்க."

போன் கொடுத்ததாம். செயலாளரே, உங்கள் தாய்மொழி தமிழ். வீட்டில் உங்கள் அம்மாவோடு தமிழில்தானே பேசுகிறீர்கள்? ஒட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். இடைஞ்சல் என்று எழுதியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் அந்த வார்த்தைதான் வாயில் வருகிறது. இடையூறு என்று போட்டிருக்கலாம், போக்குவரத்துப் போலீஸ் பலகையில் இருக்கிற வார்த்தை. பூந்தமல்லி ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவன்கூடத் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று எழுதி வைக்கிறான். வழியை மறிக்கும் பொருட்கள் என்று மூன்று வார்த்தையில் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. இத்தனையும் தமிழில் இருக்கிறது. இருந்தும் ஒரு வரி எழுத உங்களுக்குச் சோம்பல். இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்குத்தான் நோட்டீஸ், தமிழ் வெறும் அலங்காரத்துக்கு என்று நினைத்துவிட்டீர்கள். கீழே இருந்த தமிழை நம்பிப் படித்த ஒரே ஆள் என் மனைவி.

மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நோட்டீஸ் ஒட்டிய பிறகும், எடுக்கும் நாள் அன்றே, சிலர் வேண்டுமென்றே வழியில் புதிதாகப் பொருள் வைக்கிறார்கள், இது வருத்தத்துக்குரியது என்று. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியம் இல்லை. கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. நான் நடந்ததை எழுத உட்கார்ந்தேன். எனக்குப் போனில் தமிழ் அடிக்க நேரம் ஆகும். அடித்து முடிப்பதற்குள் அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று குழுவை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் செய்தியை அவளிடம் காட்டியிருக்கக் கூடாது. எங்கள் மாடியில் யாரோ காட்டிவிட்டார்கள். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வேணும்னே வெச்சேனாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவள் கீழே இறங்குவதைக் குறைத்தாள். முதலில் முட்டி வலி என்றாள். பிறகு மழை என்றாள், ரோட்டில் தண்ணி நிக்குது என்றாள். மழை நின்ற பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்தினாள். சாயங்காலம் ஆனால் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். முனை அங்கிருந்து தெரியாது, புங்க மரம் மறைக்கும். ஷேர் ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்கும். நான் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறேன் என்பேன். "நடுவுல நின்னுகினு நா மூச்சு வாங்கறத போறவன் வர்றவன்லாம் பாக்கணுமா?" என்பாள்.

பட்டறைக்காரிகளில் ஒருத்தி ஒருநாள் மூன்று மாடி ஏறிப் பார்க்க வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னா யக்கா, மாடியில உக்காந்துகினு மகாராணியா ஆயிட்டியா? நீ இல்லாம அந்த கீரக்காரன் எங்கள ஏமாத்திகினே கீறான்."

"நீங்கோ ஏமாற்றதுக்குன்னே பொறந்தவளுங்க."

"கீய வாயேன். நாங்கோ வேணா தூக்கிகினு போறோம்."

"தூக்கறதுக்கு இன்னும் நாளு கீதுடி" என்று சிரித்தாள் என் மனைவி. வந்தவள் சிரிக்கவில்லை. போகும்போது படியில் என்னிடம், "யக்கா எளச்சிப் போச்சே அண்ணாத்தே" என்றாள். அப்புறம் அவளும் வரவில்லை. அவளுக்கும் வேலை, வீடு, பஸ்.

இதற்கிடையில் சோதனைக்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து செருப்பு ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றாக அவரவர் கதவுக்கு வெளியே திரும்பி வந்தன. பூந்தொட்டி வந்தது. சைக்கிள் வந்தது. செயலாளர் வீட்டு வாசலில் பெரிய மர ஸ்டாண்ட் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அள்ளியதையெல்லாம் போட்டிருந்த ஜெனரேட்டர் ரூம் பின்னாலிருந்து நான் எங்கள் நாற்காலியை எடுத்து வந்தேன். மறுபடி திருப்பத்தில் போடுகிறேன் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க வந்து போட சொல்லட்டும். திருட்டுத்தனமா நா எதுக்கு உக்காரணும்?" நான் ஒவ்வொரு மாதமும் செயலாளரைக் கேட்டேன். கமிட்டியில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. முதலில் கால் போனது. குளிக்கப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தை முடிவதற்குள் ஒரு காலையில் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். வந்த இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள், படிக்கட்டுத் திருப்பத்தைப் பார்த்தார்கள். திரும்பாது என்றார்கள். "சேர் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்கள்.

அந்தப் பச்சை நாற்காலியைத்தான் கொடுத்தேன். அவளை உட்கார வைத்து, துண்டால் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கினார்கள். அவள் மாஸ்க்குக்கு ஆக்ஸிஜன் போகிற சிலிண்டரை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜன்னலுக்குக் கீழே நாற்காலியை இறக்கி வைத்து அவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

அப்போது செயலாளர் மேலேயிருந்து இறங்கி வந்தார். மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் மேல்படியிலேயே நின்றுவிட்டார். நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஆள், சிலிண்டரோடு நான். இத்தனை பேரும் அந்தத் திருப்பத்தில்தான் நின்றோம். கீழேயிருந்து ஒரு பெண் பள்ளிக்கூடப் பையோடு ஏறி எங்களைத் தாண்டி மேலே போனாள். யாரையும் இடிக்கவில்லை. பிறகு அவரும் இறங்கி எங்களைத் தாண்டினார்.

என் மனைவி முகத்திலிருந்து மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். அவளால் பேசவே முடியாது. பேசினாள்.

"வயி கீதா தம்பி? இடிக்குதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "இருக்குங்க ஆன்ட்டி" என்றார். "வழி இருக்குங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள்.

என் மனைவி திரும்பி வந்துவிட்டாள். இப்போது மூக்கில் குழாய். அறையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் சத்தத்தில்தான் நாங்கள் பேசுகிறோம். பாதி நாள் குழாயைக் கழற்றிவிட்டு இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால், ஒரு மாடி இறங்கி ஏறினால், முனைவரை போக முடியாவிட்டாலும் கேட்டுவரை போகலாம் என்கிறார். நடுவில் உட்கார இடம் வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். இப்போதும் அவள் நிலை அதேதான். சங்கம் சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார மாட்டாள். பிடிவாதக்காரிதான். குழுவில் எல்லார் முன்னாலும் வேண்டுமென்றே செய்தவள் என்று சொல்லப்பட்டவள் அவள். அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

செயலாளர் அவர்களே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பழம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "ஸாரிங்க அங்கிள்" என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னீர்கள். அந்த ஸாரி எனக்கு வேண்டாம். வருகிற பொதுக்குழுவில், இரண்டு பிளாக் ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்துத் தமிழில் பதில் சொல்லுங்கள். உங்கள் நோட்டீஸில் இருந்த தமிழுக்கு என்ன அர்த்தம்? அதை என் மனைவி படித்த விதத்தில் என்ன தப்பு? அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதியது பொய்யா, இல்லையா? பி பிளாக் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டால் வழி இருக்கிறதா, இல்லையா? படியில் அவளிடம் ஒரு பதில் சொன்னீர்கள். அதே பதிலை அங்கே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.